கல்விப் பணத்தின் கணக்கைத் தமிழில் காட்டுக!

விழுப்புர மாவட்டத்தில் எண்ணாயிரம் என்றோர் ஊர் உள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிற் கல்வெட்டொன்று, முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அவ்வூரில் நடந்த கல்லூரி ஒன்றின் ஒதுக்கீட்டைக் கூறுகின்றது. இளமாணவர் 270 பேர், மேல்நிலை மாணவர் 70 பேர், ஆசிரியர் பதினால்வர். இவர்கட்கென விடப்பெற்ற நிலம் 45 வேலி. இளமாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மேல்நிலை மாணவனுக்கு ஒரு குறுணி இரு நாழி, அஃதாவது பத்து நாழி. பெருக்கிக் கூட்டினால் மாணவர்க்கு மட்டும் நாள்தோறும் 2,320 நாழி; இருபத்து நான்கு கலத்துக்கும் சற்று மேல்.

அக்கல்லூரியிற் கற்பிக்கப்பெற்றவை வேதமும் வடமொழி இலக்கணமும் மீமாஞ்சையும். தமிழனின் நிலத்தில், தமிழனின் நெல்லில் நடந்த அக்கல்லூரியில் தொல்காப்பியம் கற்பதற்கென ஒருவனுக்கும் ஒரு நாழி நெல் ஒதுக்கப்படவில்லை. அந்த வயிற்றெரிச்சல் நமக்கு என்றும் உண்டு. அதைப் பிறிதொரு திங்களில் எழுதுவோம். இன்று நாம் எடுத்துக்கொள்வது அக்கல்வெட்டின் மற்றொரு கூறு. ஊர்ப்பொருளில் நடக்கும் கல்விச்சாலை எவ்வளவு பெறுகின்றது, எவர்க்கு எவ்வளவு தருகின்றது என்பதைக் கோயிலுக்கு வருவோர் கண்முன்னே, தமிழெழுத்தில், கல்லில் வெட்டி வைத்தனர். அதற்கும் நூறாண்டு முன்பே, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று விதித்திருந்தன. அச்சவை ஒரு குலத்தார்க்கே உரியதாய் இருந்தது, அக்குறை வேறு. கணக்குக் காட்டாதவனுக்குப் பொதுப்பணியில் இடமில்லை என்ற முறை இம்மண்ணில் எழுதப்பட்டிருந்தது என்பதே நமக்கு வேண்டுவது.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம்.

விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக்கல்லூரி உள்ளது, திண்டிவனத்தில் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக்கல்லூரி உள்ளது. உழவர், கூலியாளர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறுவோர், பெரும்பாலும் இங்கேதான் பயில்கின்றனர். திண்டிவனத்துக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தந்தை வைத்திருக்கும் பட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர். மூத்த மகன் பட்டத்தில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் பெயர். இளைய மகளின் மதிப்பெண் பட்டியலில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயர். கல்லூரி ஒன்றே, வகுப்பறையும் ஒன்றே. மூத்தவனுக்குச் சான்று வேண்டுமென்றால் வேலூரை அடுத்த சேர்க்காட்டுக்குப் போதல் வேண்டும், இளையவளுக்கென்றால் சிதம்பரத்துக்கு.

இவற்றின் நடுவே நான்காவதாக ஒரு பெயரும் வந்து மறைந்தது. 2021 பிப்பிரவரியில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு செயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகம் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகத்து 31ஆம் நாள், அதனை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கும் சட்டமுன்வரைவு சட்டப்பேரவையில் நிறைவேறியது. பணம் ஒதுக்காமல் பெயரை மட்டும் வைத்தனர் என்று ஒரு கட்சி. பெயருக்காகவே அழித்தனர் என்று மற்றொரு கட்சி. இருவர் பேச்சிலும் பெயரைப் பற்றிய சினம் மிகுந்திருந்தது. ஒரு பல்கலைக்கழகத்தை நிறுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும், அது எங்கிருந்து வரும், மாணவன் கட்டணம் எத்துணைப் பங்கு, அரசு நல்கை எத்துணைப் பங்கு என்ற கணக்கை இரு திறத்தாருள் எவரும் விழுப்புரத்து மக்கள் முன் விரித்து வைக்கவில்லை.

இணைக்கப்பட்ட இடம் எத்தகையது? 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழிசைக்கும் தமிழாய்வுக்கும் செய்த தொண்டை நாம் மறவோம். மொழிஞாயிறு பாவாணர் 1956 முதல் 1961 வரை அங்கிருந்து சொல்லாய்வு செய்தார். அத்தகைய கழகத்தில் 2012ஆம் ஆண்டின் இறுதியில் ஊதியம் தரப் பணமில்லை என்ற நிலை வந்தது. ஊதியத்தைக் குறைக்கப் போவதாகச் சொன்னார்கள். ஆசிரியரும் ஊழியரும் போராடினர். 2013இல் அரசு தன் ஆட்சியாளரை அமர்த்தியது. அவ்வாண்டே புதுச்சட்டம் இயற்றிக் கழகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. தேவைக்கு மேல் அமர்த்தப்பட்டிருந்தோர் ஆயிரக்கணக்கில் பிற அரசு கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பெற்றனர். ஒரே நாளில் அத்தனை பேரை எவரும் அமர்த்திவிட இயலாது. ஆண்டுதோறும் அமர்த்தினர், ஆண்டுதோறும் ஐந்தொகை எழுதினர், ஆண்டுதோறும் ஒருவர் அதில் கையெழுத்திட்டார். அவ்வாண்டுகளிலெல்லாம் அக்கணக்கைப் படித்தவர் யார்?

இதை எழுதுவோன் முப்பதாண்டுக்கு முன்பு ஒரு பள்ளியில் தமிழாசிரியனாய் இருந்துகொண்டே நூலகப் பொறுப்பையும் பார்த்தான். தணிக்கைக்கு வந்தவர்கள், ஓர் அகரமுதலியின் விலை பட்டியலில் ஒன்றாகவும் இருப்பேட்டில் ஒன்றாகவும் நாற்பது காசு வேறுபட்டிருந்ததைக் கண்டனர். முதல் விளக்கம் ஏற்கப்படவில்லை. இரண்டாம் விளக்கத்தில் நாள் இல்லையாம். மூன்றாம் விளக்கத்தின்மேல், நாற்பது காசைச் சார்கருவூலத்தில் கட்டி, சலான் என்று வழங்கும் செலுத்துச் சீட்டை ஏட்டில் ஒட்டுக என்று ஆணை வந்தது. கட்டிவர ஆன பேருந்துக் கட்டணம் அதனினும் பன்மடங்கு. அன்று சினந்தேன், பின்னர் எண்ணிப் பார்த்ததில் அத்தணிக்கையர் செய்தது சரியென்றே பட்டது. அது ஊர்ப்பணம். ஆனால் நாற்பது காசுக்கு அத்துணைக் கூர்மையாய் விழித்த கண், கோடிக் கணக்கான உரூபாயைக் கண்டால் எப்படி மூடிக்கொள்கின்றது என்பதுதான் இன்றளவும் விளங்கவில்லை.

கண் மூடிக்கொள்கின்றது என்பதும் முழுதும் சரியன்று. தணிக்கையர் பார்க்கின்றனர், எழுதவும் எழுதுகின்றனர். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை ஆய்கின்றது. நடுவண் தணிக்கைத் தலைவர் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு நல்கை 25 இலக்கத்துக்குக் குறையாமலும் மொத்தச் செலவில் நூற்றுக்கு 75 பங்குக்குக் குறையாமலும் பெறும் அமைப்பின் கணக்கை ஆயலாம். அலுவலகங்களில் ‘ஆடிட் அப்செக்சன்’ என்று அஞ்சி ஓதப்படும் தணிக்கைத் தடை எனின், திருட்டு என்று பொருளன்று. முன்பணம் வாங்கியவர் பற்றுச்சீட்டு வைக்கவில்லை. ஒப்பந்தப்புள்ளி கேளாமல் பொருள் வாங்கப்பட்டது. அரசின் ஒப்புதல் பெறாமல் பணியிடம் தோற்றுவிக்கப்பட்டது. ஊதியம் விதிக்கு மேல் அறுதியிடப்பட்டது. கேட்ட கோப்பு காட்டப்படவில்லை. இவையே பெரும்பாலும் தடைகள். உடனே விடை சொன்னால் ஒரு திங்களில் முடியும். சொல்லாமல் விட்டால் அடுத்த ஆண்டுத் தடை அதன்மேல் ஏறும். பொறுப்பிலிருந்த பதிவாளர் ஓய்வு பெறுவார், கணக்கர் இறந்துபோவார், கோப்பைக் கரையான் தின்னும். பின்னர் அத்தடையை எவராலும் தீர்க்கவியலாது. ஏட்டில் மட்டும் அது இறவாது.

தீராத தடை எங்குக் கொண்டுபோய் விடும் என்பதைச் சென்னையிற் கண்டோம். 2024 பிப்பிரவரியில், வருமான வரித்துறை 424 கோடி உரூபா வரி நிலுவை உண்டெனக் கூறிச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. 1857இல் தோன்றிய கழகம். விழுப்புரம், திண்டிவனம் மாணவர் ஒருகாலத்தில் பட்டம் பெற்ற தாய்க்கழகம். அரசின் நல்கை பாதிக்கு மேற்பட்டிருந்தால்தான் அரசு நடத்தும் கழகம் என்ற வரிவிலக்கு உண்டு. இங்கு அவ்வளவு இல்லை என்பது வரித்துறையின் வழக்கு. தணிக்கைத் தடைகளைக் காட்டி மாநில அரசு நல்கையைக் குறைத்ததனால்தான் அப்பங்கு சுருங்கிற்று என்பது கழகத்தாரின் முறையீடு. நூல் ஒன்றோடொன்று எப்படிச் சிக்குகின்றது பாருங்கள்! தடைக்கு விடை எழுதாமை ஒரு முனை. தில்லிக்காரன் வந்து கழகத்தின் பணப்பெட்டியைப் பூட்டுதல் மறுமுனை. ஏழை மக்களின் கல்விக்கழகத்தை வணிக நிறுவனம் போல் வரிக்கு இழுப்பது கொடுமையே. அதனை நாம் கண்டிக்கின்றோம். ஆனால் பூட்டுவதற்கு வாய்ப்பான கதவைத் திறந்து வைத்தவர் யார் என்றும் கேட்டேயாக வேண்டும். நல்கையைக் குறைத்து ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் நெருக்கடியில் தள்ளுவது தவறிழைத்தவனைத் தண்டிப்பதாகாது. தவறிழைத்தவன் ஓய்வூதியத்தோடு வீடு போய்ச் சேர்ந்தபின், அங்குப் படிக்க வந்த பிள்ளையைத் தண்டிப்பதாகும்.

இனி மொழியைப் பற்றிய செய்தி. இக்கணக்குகளும் ஐந்தொகைகளும் தணிக்கைத் தடைகளும் அவற்றுக்கான விடைகளும் எம்மொழியில் எழுதப்படுகின்றன? பெரும்பாலும் ஆங்கிலத்தில். 1956ஆம் ஆண்டிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிய நாடு இது. வரவு, செலவு, பற்று, இருப்பு, நிலுவை, ஐந்தொகை, கணக்கர், தணிக்கை எனக் கணக்கியலுக்கு வேண்டிய சொல் நம்மிடம் குறைவா? எண்ணாயிரத்தான் நாழியும் குறுணியும் கலமும் எழுதியது எம்மொழிச் சொல்லால்? கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் தாய் படிக்கவியலாத மொழியில் கணக்கு எழுதுவது, எழுதாமைக்கு ஒப்பே. ஆங்கிலத்தில் எழுதினால் கேள்வி கேட்போர் தொகை தானே குறைந்துவிடும் என்பதை எழுதுவோர் நன்கறிவர்.

இது நம் விருப்பம் மட்டுமன்று; சட்டமும் இதைத்தான் சொல்கின்றது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, பொது அமைப்புகள் தம் வரவு செலவுத் திட்டத்தையும் செலவையும் எவரும் கேளாமலே தாமே வெளியிடல் வேண்டும் என்கின்றது. வெளியிடும்போது அவ்வட்டார மொழியைக் கருத்திற் கொள்ளல் வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகின்றது. சிதம்பரத்தின் வட்டார மொழி எது என்பதில் எவர்க்கேனும் ஐயம் உண்டோ?

ஆகவே நாம் கேட்பன சிலவே. ஆண்டுக் கணக்கும் தணிக்கை அறிக்கையும் தமிழில் அச்சாகி, இணைவு பெற்ற ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் மாணவன் கையெட்டும் தட்டில் இருத்தல் வேண்டும். தீராத தடைகளின் பட்டியல், அவை எழுந்த ஆண்டும் அப்போது பொறுப்பிலிருந்தவரின் பதவியும் சுட்டி, அதனோடு இணைக்கப்படல் வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளிலிருந்து தேர்வுக் கட்டணமாகவும் இணைவுக் கட்டணமாகவும் பெற்ற தொகை எவ்வளவு, அம்மாணவர்க்காகச் செலவிட்டது எவ்வளவு என்பது தனியே காட்டப்படல் வேண்டும். பல்கலைக்கழகம் மாறியபோது கைமாறிய பணமும் கோப்பும் எவையெவை என்பதும் அவ்வாறே.

இவ்விதழைப் படிக்கும் விழுப்புரம், திண்டிவனம் அன்பர்கள், மேற்கூறிய நான்கையும் கேட்டு, பல்கலைக்கழகப் பொதுத்தகவல் அலுவலர்க்குத் தனித்தனியே தமிழில் விண்ணப்பம் எழுதுக. கட்டணம் பத்து உரூபா. விடை தர அவர்க்குச் சட்டம் தந்துள்ள காலம் 30 நாள். விடை ஆங்கிலத்தில் வந்தால் அதைத் தமிழில் தருமாறு மேல்முறையீடு செய்க. வந்த விடைகளின் படிகளை நமக்கு விடுத்தால், எண்களை ஒன்றுவிடாமல் இவ்விதழில் அச்சிடுவோம்.