கைகூப்பிய கூரைகள்

யப்பானின் கிபு மாநிலத்து மலைகளுக்கிடையே, சிரகாவா பகுதியில், ஒகிமாச்சி என்றொரு சிற்றூர் உண்டு. இலையுதிர்காலத்தில் அங்கு செல்வோர் செம்மஞ்சட் குன்றுகளையும், அறுவடை முடிந்த வயல்களையும், கைகூப்பியது போன்ற புற்கூரைகளையும் கண்டு, 'இதுவன்றோ அமைதி!' என வியந்து திரும்புகின்றனர். அவ்வியப்பில் எனக்கு முழு உடன்பாடில்லை.

அக்கூரைகள் அழகுக்காகச் செங்குத்தாக எழுந்தவையல்ல. பெரும் பனியைச் சரித்து வீழ்த்த எழுந்தவை. ஆணியின்றி, கயிற்றாலும் முறுக்கிய இளங்கொம்புகளாலும் பிணைக்கப்பட்டவை. மேற்றட்டுகளிற் பட்டுப்புழு வளர்த்தனர். தரைக்குக் கீழே வெடியுப்பு விளைவித்தனர். ஆம், அமைதியின் உருவெனப் போற்றப்படும் இவ்வீடுகள்தாம் ஒருகாலத்தில் வெடிமருந்துக்கு மூலப்பொருள் அளித்தன! நடுக்கூடத்து அடுப்பின் புகையே புல்லையும் கயிற்றையும் பூச்சியரிக்காமற் காத்தது. ஆள் நீங்கி அடுப்பணைந்தால், கூரையும் நெடுநாள் நில்லாது.

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கொருமுறை கூரையை மாற்றியாக வேண்டும். ஒரு குடும்பத்தால் இயலாத அவ்வேலையை ஊரார் கூடிக் கூலியின்றிச் செய்யும் வழக்கம் 'யுயி' எனப்படும். இன்று என் வீட்டுக்கு நீ, நாளை உன் வீட்டுக்கு நான். நாம் கண்டு களிக்கும் இலையுதிர்காலம், அவர்களுக்குக் கூரைப்புல் அரியும் காலம். தீயணைக்கும் நீர்க்குழாய்களைச் சோதிக்கும் காலமுங்கூட.

அயலிலிருந்த சில குடியிருப்புகள் 1961இல் நிறைவுற்ற மிபோரோ அணைக்கட்டின் நீருள் மறைந்தன. எஞ்சியதைக் காக்க ஒகிமாச்சி மக்கள் 1971இல் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு மூன்று: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. தன் வீட்டைத் தன் விருப்பப்படி விற்கும் உரிமையை ஒருவன் ஊருக்காக விட்டுக்கொடுப்பது எளிய செயலா? யூனெஸ்கோ 1995இல் உலக மரபுரிமையென அறிவித்தது அதற்குப் பின்னர்தான்.

அதன் பயன் யாருக்கு? ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு பேர் வாழும் சிரகாவாவுக்கு ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். வருவோர் தரும் பணம் கூரைக்கு உதவுகிறது, மறுக்கவில்லை. ஆயினும், பிறர் வீட்டு முற்றத்தில் நின்று படம் பிடிப்போருக்கு அது அருங்காட்சியகமாகவே தோன்றுகிறது. குளிர்கால ஒளியலங்கார விழாவை 2019 முதல் முன்பதிவு செய்தோருக்கு மட்டுமென வரையறுத்தனர். இலையுதிர்கால வார இறுதிகளுக்கும் அவ்விதியை நீட்டுதல் தகும் என்பேன். கடைக்காரர் முணுமுணுக்கலாம். நானும் என் முறை வரும்வரை காத்திருக்க நேரலாம், காத்திருக்கிறேன்.