பட்டா யார் பேருல?

எங்க மங்கலம்பேட்டைப் பக்கம் மருமகள் பிரச்சினை பஞ்சாயத்துக்கு வந்தால் முதலில் விழும் கேள்வி, "பட்டா யார் பேருல இருக்கு?" மாமனார் பேர்ல, மாமியார் பேர்ல என்று பதில் வந்ததும் பேச்சு முடிந்தது. அவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இந்தக் கேள்வியே தப்பு.

வீடு சொந்தமாக இருப்பது வேறு, அதில் குடியிருக்கும் உரிமை வேறு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 17ஆம் பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது: சொத்தில் பங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை உண்டு. சட்டப்படி அல்லாமல் யாரும் வெளியேற்ற முடியாது. இதைக் குறுக்கியது உச்ச நீதிமன்றமேதான். 2006 டிசம்பரில் பத்ரா வழக்கில், மாமியாருக்குச் சொந்தமான வீட்டில் மருமகள் உரிமை கோர முடியாது என்றார்கள். அது தவறென்று 2020 அக்டோபரில் அஹுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் சொல்வதற்குள் பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் எத்தனை பெட்டிகள் தெருவுக்கு வந்தனவோ!

அடுத்து பத்திர வித்தை. பெங்களூரு வனிதா வழக்கைப் பாருங்கள். கணவர் தான் வாங்கிய இடத்தை 2006இல் அப்பாவுக்கு விற்கிறார். 2010இல் அப்பா அதை அம்மாவுக்குத் தானமாக எழுதுகிறார். பிறகு மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி, மருமகளை வெளியேற்றச் சொல்லி அதிகாரியிடம் மனு. உயர் நீதிமன்றம் வரை அது செல்லுபடியானது. 2020 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம், ஒரு சட்டத்தை வைத்து இன்னொரு சட்டம் தந்த உரிமையை அழிக்க முடியாது என்றது.

"அப்போ வயசான காலத்துல நாங்க அவகிட்ட அடி வாங்கணுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். பெற்றவர்களை விரட்டும் பிள்ளைகளும் மருமகள்களும் இருக்கிறார்கள். 2007ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததே அதற்காகத்தான். நம்ம ஊர்க்காரர்கள் அதற்கு விருத்தாசலம் கோட்டாட்சியரிடம் போகலாம். அஹுஜா தீர்ப்பும் மருமகளின் உரிமை அசைக்க முடியாதது என்று சொல்லவில்லை. முதியவர்களும் நிம்மதியாக வாழ வேண்டும், இரு பக்கத்தையும் எடைபோடுங்கள் என்றே சொன்னது.

என் கோபம் மாமியார் மேல் இல்லை. இரண்டு பெண்கள் ஒரு சமையற்கட்டுக்காக ஏழெட்டு வருஷம் கோர்ட் வாசலில் நிற்கிறார்கள். மகன் எங்கே? பத்ரா வழக்கில் விவாகரத்து மனு போட்டுவிட்டு வேறு ஊரில் இருந்தார். வனிதா வழக்கில் வழக்காடியது அவரைப் பெற்றவர்கள். 19ஆம் பிரிவைப் படியுங்கள்: அதே தரத்தில் மாற்று வீடு பார்த்துக் கொடு, இல்லையென்றால் வாடகையைக் கட்டு என்று கணவனுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். பட்டாவைப் பற்றி ஊரே பேசுகிற நம்ம பஞ்சாயத்தில், அவனைக் கூப்பிட்டு "மாச வாடகை எவ்வளவு தருவ?" என்று ஒருத்தர்கூடக் கேட்பதில்லை.