நூற்றுக்கு எத்தனை?

கணக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் காத தூரம் ஓடுகிறவர்களே கலைப்பிரிவில் சேருகிறார்கள் என்றொரு கேலிப் பேச்சு கல்லூரிகளில் நெடுங்காலமாக உண்டு. வரலாறும் இலக்கியமும் பயிலும் நாம் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறோம். ஆயினும் ஒரு கணக்கை மட்டும் நம்மில் எவரும் பிழையறப் போடுகிறோம். பருவத்துக்கு 90 வேலை நாள்கள். வருகை 75 விழுக்காடு வேண்டும். எஞ்சியது கால் பங்கு. தொண்ணூற்றில் கால் இருபத்திரண்டரை. ஆகவே 22 நாள்கள் கல்லூரிப் பக்கம் தலை காட்டாமல் இருக்கலாம்! தாளும் இல்லை, பேனாவும் இல்லை. கண் இமைக்கும் நேரத்தில் விடை வந்துவிடுகிறது. இந்த வேகம் கடைத்தெருவிலும், கடன் கொடுப்பவர் முன்னிலையிலும் நம்மை விட்டு எங்கே போய்விடுகிறது என்பதே என் கேள்வி.

விழுக்காட்டை மனத்தில் போடுவது பெரிய வித்தை அன்று. முதலில் பத்தில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசி இலக்கத்தை ஓர் இடம் தள்ளினால் அது கிடைத்துவிடும். அதில் பாதி 5 விழுக்காடு. இரு மடங்கு 20. கைப்பேசி பழுது பார்த்த கூலி 1,450 ரூபாய், அதற்கு 18 விழுக்காடு வரி என்றால், பத்தில் ஒன்று 145, இரு மடங்கு 290, அதில் பத்தில் ஒன்றாகிய 29-ஐக் கழித்தால் 261. அவ்வளவுதான். 75-இல் 4 விழுக்காடு என்ன என்று திணறுகிறவர், 4-இல் 75 விழுக்காடு என்று திருப்பிப் போட்டால் முக்கால் பங்கு, 3 என்று உடனே சொல்லிவிடுவார். இரண்டும் ஒன்றே. ஆடி மாதத்துத் துணிக்கடையில் '50 + 20 தள்ளுபடி' என்று எழுதியிருப்பது 70 அன்று, 60 தான். ஆயிரம் ஐந்நூறாகி, அந்த ஐந்நூற்றில்தான் ஐந்தில் ஒன்று குறைகிறது.

நம் முன்னோர் இந்தக் கலையில் நம்மினும் தேர்ந்தவர்கள். திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் எண்சுவடியைப் பாராமல் ஒப்பித்தார்கள். கீழ்வாய் இலக்கம் என்ற பின்னக் கணக்கில் மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. இன்றைய கணக்கில் மா என்பது 5 விழுக்காடு, இருமா 10, நாலுமா 20. உணவகச் சீட்டில் 5 விழுக்காடு வரியைக் கண்டால் அந்தச் சிறுவன் 'ஒரு மா' என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பான். நகைக்கடையில் பன்னிரண்டரை விழுக்காடு சேதாரம் என்கிறார்களே, அது அரைக்கால், எட்டில் ஒன்று. எட்டு கிராம் கொண்ட ஒரு பவுனுக்கு ஒரு கிராம் தங்கத்தின் விலையை நாம் அணிந்துகொள்ளாமலேயே கொடுத்து வருகிறோம். இதை எண்ணிப் பார்த்துக் கொடுப்பவர் எத்தனை பேர்? (பழைய பெருமை பேசுவது என் நோக்கம் அன்று. அந்தத் திண்ணையில் ஏற எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை என்பதையும் வரலாறு படிப்பவர் அறிவர்.)

துணியிலும் நகையிலும் போவது போகட்டும். உண்மையான ஆபத்து வட்டியில் இருக்கிறது. நம் ஊர்களில் 'ரூபாய்க்கு இரண்டு பைசா' என்பார்கள். 'இரண்டு வட்டி' என்று இன்னும் சுருக்கிச் சொல்வாரும் உண்டு. பைசா நாணயத்தைக் கண்ணால் காணாத தலைமுறைக்கு இரண்டு பைசா ஒரு பொருட்டாகவே தோன்றுவதில்லை. ஆனால் அது ஒரு ரூபாய்க்கு ஒரு மாதத்துக்கு உரிய வட்டி. நூற்றுக்கு மாதம் 2, ஆண்டுக்கு 24. வட்டி குட்டி போடாமலே, ஐம்பது மாதத்தில் வாங்கிய தொகை அளவுக்கு வட்டி கட்டியிருப்போம். முதல் அப்படியே நிற்கும்.

தண்டல் கணக்கு இதனினும் நுட்பமானது. பத்தாயிரம் கேட்டால் 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். '15 விழுக்காடுதானே' என்று மனம் சமாதானம் சொல்லும். கைக்கு வந்தது 8,500. அதற்கு 1,500 என்றால் 17-க்கும் மேல். அதுவும் ஓராண்டுக்கு அன்று, நூறு நாளுக்கு. இன்னும் ஒன்று: அந்த 8,500-ம் நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை. நாள்தோறும் கரைகிறது. சராசரியாகப் பாதி, 4,250 அளவே நம் கையில் இருக்கிறது. 4,250-க்கு 1,500 என்றால் மூன்றில் ஒன்றுக்கும் மேல், 35 என்று கொள்ளலாம். ஆண்டில் நூறு நாள் மூன்றரை முறை வருகிறது. ஆக, ஆண்டுக்கு நூற்றுக்கு 120 அளவில் வந்து நிற்கிறது! தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே அதீத வட்டியைத் தடை செய்யும் சட்டம் வந்துவிட்டது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற சொற்கள் எல்லாம் அச்சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. ஆனால் தன்னிடம் வாங்கப்படுவது எத்தனை விழுக்காடு என்றே அறியாதவர் எந்தச் சட்டத்தின் கதவைத் தட்டுவார்?

'கையில்தான் கைப்பேசி இருக்கிறதே, அதில் கணிப்பான் இருக்கிறதே' என்று நண்பர்கள் கேட்கலாம். கருவி பிழை செய்யாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் கேட்டதற்கு மட்டுமே அது விடை சொல்லும். 1,500 பத்தாயிரத்தில் எத்தனை விழுக்காடு என்று கேட்டால் 15 என்று சொல்லிவிட்டு வாய் மூடிக்கொள்ளும். பார்க்க வேண்டியது 8,500-இலா, 4,250-இலா என்று அது நம்மைத் திருப்பிக் கேட்பதில்லை. விரல் தவறி ஒரு சுழியம் கூடினாலும் அதற்குக் கவலையில்லை. 'இவ்வளவுக்கு இவ்வளவு இருக்கலாம்' என்ற குத்துமதிப்பு முன்னரே மனத்தில் இருப்பவனுக்குத்தான் அந்தத் தவறு கண்ணில் படும்.

கணக்கு அறிந்தால் கடனிலிருந்து தப்பிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊர்ச் சந்தையில் பூ விற்கும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். பள்ளிக்குப் போகாதவர். காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் ஆயிரமாகத் திருப்பித் தருகிறார். ஒன்பதில் ஒன்று, ஒரே பகலில் 11 விழுக்காடு! அவரிடம் இதைச் சொன்னேன். "எனக்குத் தெரியாதா தம்பி? நாளைக்குப் பூ எடுக்கணுமே" என்றார். முழத்தையும் விலையையும் நாவிலேயே பெருக்கி வகுக்கும் அவருக்கு இது தெரியாமல் இருக்குமா? அவருக்கு வேண்டியது கணக்குப் பாடம் அன்று. காலையில் 900 ரூபாய் தரக்கூடிய ஒரு கூட்டுறவுச் சங்கம்.

நம் நிலை அதற்கு நேர்மாறானது. வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு நமக்குப் பெரும்பாலும் இருக்கிறது; கணக்குத்தான் இல்லை. கைப்பேசிச் செயலி ஒன்று 5,000 ரூபாய் கடன் என்கிறது. கட்டணம் கழித்து 3,500 வருகிறது. ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும். 3,500-க்கு 1,500 என்றால் ஏழில் மூன்று பங்கு. ஒரே வாரத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல். ஆண்டு வட்டி எத்தனை விழுக்காடு என்பதைக் கடன் வாங்குபவருக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும் என 2022-இல் ரிசர்வ் வங்கி விதி செய்திருக்கிறது. விதியை மதியாத செயலிகளும் உலவுகின்றன. பட்டப்படிப்புப் படிக்கும் நாம் பூக்கார அம்மாள் அளவுக்குக்கூட எண்ணிப் பாராமல் அவற்றில் விரலை வைக்கிறோம்.

ஆகவே நம் கணிதத் துறைக்கு ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் வேண்டா, தேர்வும் வேண்டா. வாரம் ஒரு நாள், கடைசி வகுப்பு முடிந்தபின் அரை மணி நேரம் போதும். வருகிறவர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு தாள் கொண்டு வரட்டும். அடகுச் சீட்டோ, நகைக்கடை ரசீதோ, தவணை அட்டையோ எதுவாயினும் சரி. கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, ஆண்டுக்கு நூற்றுக்கு எத்தனை என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். முதல் தாளாக எங்கள் வீட்டு இரு சக்கர வண்டியின் தவணை அட்டையை நானே கொண்டு வருகிறேன். இரண்டாண்டுத் தவணை, 10 விழுக்காடு வட்டி என்று போட்டிருக்கிறது. ஆனால் கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும், கடைசி மாதம் வரை முழுத் தொகைக்கும் வட்டி போட்டிருக்கிறார்கள். என் மனக்கணக்கில் அது 18-க்குக் குறையவில்லை. கணிதப் பேராசிரியர்கள் சரிபார்த்துச் சொல்ல வேண்டும்.