அடியை யார் எழுதுவது?

1606இல் இத்தாலியில் மொந்தெசார்தோ ஒரு கிட்டார் நூல் வெளியிட்டார். கோட்டுக்குக் கீழே எழுத்து இருந்தால் கையைக் கீழ்நோக்கி அடி. மேலே இருந்தால் மேல்நோக்கி. 1674இல் ஸ்பெயினின் காஸ்பார் சான்ஸும் அடிகளைக் குறித்தார். அந்தக் குறிகளை வைத்துத்தான் இன்று பழைய கிட்டாரை மீட்கிறார்கள். எந்த விரல், எவ்வளவு அழுத்தம் என்பதில் இன்னமும் சண்டைதான். ஆனால் சண்டைபோட ஒரு தாளாவது இருக்கிறது.

நம்ம தப்புக்கு என்ன இருக்கு? பதுளை, பசறை, லுணுகலைத் தோட்டங்களில் காமன் கூத்துக்கு அடி மாறினால் ஆட்டமும் மாறும். சி.வி. வேலுப்பிள்ளை மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்தார். பாட்டு புத்தகத்துக்குப் போச்சு. அடி லயத்திலேயே நின்னுபோச்சு.

"அதெல்லாம் கேட்டுப் பழகுறது, எழுத முடியாது" என்பது வெறும் சாக்கு. கிட்டார் அடியை எழுதலாம், தப்படியை எழுத முடியாதா? உண்மையான காரணம் சாதி. சாவுக்கும் திருவிழாவுக்கும் தப்பு வேணும். அடிக்கிறவருக்கு மரியாதை மட்டும் வேணாம்.

அடுத்த மாசியில் காமன் ஊன்றும்போது போனில் ஆட்டத்தை மட்டும் பிடிக்காதீங்க. தப்பைத் தீயில் காய்ச்சும் தாத்தா பக்கத்துல உட்காருங்க. எந்த அடி வலக்கைக் குச்சிக்கு, எது இடக்கைக்கு, அதுக்கு அவர் சொல்ற பேர் என்ன என்று கேட்டு எழுதுங்க. நாங்களும் எழுதுறோம். அவர் இருக்கும்போதே கேட்காமல், பிறகு ஊகித்து என்ன பிரயோசனம்?