தாளந்தப்பிய நெஞ்சும் புதிய மின்சிகிச்சையும்

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் மலையை வலம் வரும் லட்சக்கணக்கான ஜனங்களில் முதியோர் பலர். 14 கிலோமீட்டர் நடக்கையில் நெஞ்சு படபடத்தால், களைப்பென்று எண்ணிச் சற்றே உட்கார்ந்துவிட்டு எழுந்து நடப்பர். பலருக்கு அது களைப்பே. சிலருக்கோ அது இருதயத்தின் மேலறைகள் தாளந்தப்பித் துடிக்கும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்னும் வியாதி. மேலறையில் தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரும். இவ்வியாதியஸ்தருக்கு அவ்வபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

நுரையீரலினின்று இருதயத்துக்கு வரும் இரத்த நாளங்களின் வாயிலிலேயே இக்குழப்பம் பெரும்பாலும் பிறக்கிறதென்பதை 1998-ல் பிரான்ஸ் தேசத்துப் போர்தோ நகர வைத்தியர்கள் காட்டினர். அதுமுதல் அவ்வாயில்களைச் சுட்டோ உறையவைத்தோ வந்தனர். சூடு பின்னாலுள்ள உணவுக்குழாயைத் தாக்கித் துளைத்துவிடின் பலர் பிழைப்பதில்லை. இப்போது நம் தேசத்துக்கும் வந்துள்ள ‘பல்ஸ்டு ஃபீல்டு’ முறையோ, மிகக் குறுகிய மின்துடிப்புகளால் இருதயத் தசையின் உயிரணுக்களைத் துளைத்து அழிக்கிறது. அண்டை உறுப்புகள் பெரும்பாலும் தப்புகின்றன. 2024-ல் வெளியான கணக்கில், 17,642 பேரில் ஒருவருக்கேனும் உணவுக்குழாய் பழுதுறவில்லை. இது மெச்சத்தக்கதே.

ஆயினும் அபாயமே இல்லையென்று விளம்பரஞ் செய்வது அடாது. அதே கணக்கில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் பெருந்தீங்குற்றனர். சிலருக்கு இருதயத் தமனி சுருங்கிற்று. சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீரகம் கெட்டோரும் உண்டு. 2025 ஜனவரியில் ஒரு கம்பெனி, பக்கவாதங்கள் நேர்ந்ததன்பேரில், அமெரிக்காவில் தன் கருவியின் உபயோகத்தைச் சிலகாலம் நிறுத்தி வைக்க நேர்ந்தது.

இனி, பலன் நிலைக்குமா? 2023-ல் வெளியான அமெரிக்கப் பரீட்சையில், 607 பேரிடையே ஓராண்டு முடிவில் புதுமுறை நூற்றுக்கு 73, பழைய முறைகள் 71 என வெற்றி பெற்றன. பெரிய வித்தியாசமில்லை. 2025-ல் ஸ்விட்ஜர்லாந்தில் 210 பேரின் தோலுக்கடியில் கருவி பொருத்தி இடைவிடாது கவனித்தனர். ஓராண்டில் உறையவைக்கும் முறையில் நூற்றுக்கு 51 பேருக்கு நோய் திரும்பிற்று. புதுமுறையில் 37 பேருக்கு. மேலானதுதான், ஆனால் மூவரில் ஒருவருக்கு மேல் திரும்பியிருக்கிறது. ஐந்து, பத்து ஆண்டுகளின் கணக்கோ இனித்தான் வரவேண்டும்.

ஆகவே, ‘குணமாகிவிட்டது’ என்ற வார்த்தையை நம்பி இரத்தம் உறையாமைக்கான மாத்திரையைத் தாமாகவே நிறுத்துகிறவரை நினைத்தே நாம் அஞ்சுகிறோம். சிகிச்சைக்குப் பின்னும் அம்மாத்திரை வேண்டுமா என்பதை அவரவர் வயதும் இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் முன்பு வந்த பக்கவாதமும் தீர்மானிக்கும். நெஞ்சு அமைதியாயிருப்பது தீர்மானிக்காது. இதை நோயாளிக்கு அவர் பாஷையில் சொல்லி, எழுதியும் கொடுத்தாலன்றி ஆஸ்பத்திரிகள் கையெழுத்து வாங்கலாகாது. சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரையும் ஐந்தாண்டுகளேனும் தொடர்ந்து பார்த்து, பலனையும் தீங்கையும் பகிரங்கமாக வெளியிடவும் வேண்டும். பொதுப்பணம் செலவாகுமிடத்தில் சர்க்கார் இதனைக் கட்டாயமாக்கலாம்.

வியாதியுள்ளதென்றே அறியாதாருக்கு எச்சிகிச்சைதான் உதவும்? கிரிவலப் பாதையின் வைத்திய முகாம்களில் ஒரு நிமிஷம் நாடி பார்த்து, அது ஒழுங்கற்றிருப்போரை அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இ.சி.ஜி. எடுக்கச் செய்யவேண்டும். ஜில்லா அதிகாரிகள் வரும் கார்த்திகைத் தீபத்திலேயே இதைத் தொடங்கலாம்.