குறுவலுக்கும் விலை உண்டு

புனேயில் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் சிறு குழு உருவாக்கிய ‘ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்’ 2020 ஆகஸ்ட் 18 அன்று வெளிவந்தது. முதலில் வந்தது நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் மட்டும். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பனை செய்வதில்லை. இங்கே அந்தக் கருவி யாரிடமாவது இருந்தால் அது வெளிநாட்டிலிருந்து தருவித்ததாகவே இருக்கும். கணினியிலும் பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் ராஜி வந்து சேர அக்டோபர் 15 ஆயிற்று. நடுவிலிருந்த இரண்டு மாதத்தில் அமெரிக்க, ஐரோப்பிய விமர்சகர்கள் அதை ஆடி, எழுதி, மதிப்பெண்ணும் போட்டுவிட்டார்கள். சராசரி நூற்றுக்கு எழுபதை ஒட்டி நின்றது. இந்திய ஓவியத்தையும் கோட்டைகளையும் தெய்வக் கதைகளையும் கொண்டு கட்டிய ஓர் ஆட்டத்தை இந்தியர்களில் பெரும்பாலோர் தொடுவதற்கு முன்பே அதன் தரம் எழுதப்பட்டுவிட்டது.

சிற்றிதழ்த் தலையங்கத்தில் வீடியோ கேமுக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். கீழவைப்பார் கடற்கரையில் வலை காயும் நேரத்தில் நம் பிள்ளைகள் கையில் இருப்பது என்ன என்று பார்த்தால் போதும். கதை கேட்பதும், அடவு ரசிப்பதும், வீரனோடு சேர்ந்து மூச்சு வாங்குவதும் அவர்களுக்கு இன்று பெருமளவு அந்தத் திரையில்தான் நடக்கின்றன. அதைப் பற்றித் தமிழில் நாம் பேசுவதோ பெரும்பாலும், படிப்பு கெடுகிறது என்ற கவலையோடு நின்றுவிடுகிறது. கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு கலை வடிவம் முழுவதையும் கவலையால் மட்டும் அளந்துவிட முடியாது.

ராஜி ஒரு சர்க்கஸ் பெண். ரக்ஷாபந்தன் நாளில் அசுரர் படை வந்து குழந்தைகளைத் தூக்கிச் செல்கிறது. அவள் தம்பி கோலுவும் அதில் போகிறான். துர்க்கை கொடுத்த திரிசூலத்தோடு அவள் தேடிப் புறப்படுகிறாள். ஓடுவது, தாவுவது, சுவரில் கால் பதித்து எழும்புவது, தூணைப் பற்றிச் சுழன்று எதிரியை வீழ்த்துவது என்று கழைக்கூத்தாடியின் உடல் முழுக்க அந்த ஆட்டத்தில் இருக்கிறது. சர்க்கஸ்காரி என்பதால் இந்தச் சாகசங்களுக்குத் தனியாக விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. நல்ல கதைக்காரனின் முடிவு அது. பின்னணி பஹாரி சிற்றோவியங்களின் நிறத்தில் தீட்டப்பட்டிருக்கிறது, கட்டடங்களில் ராஜஸ்தான் தெரிகிறது. கதைப் பகுதிகள் நிழற்பாவை பாணியில் விரிகின்றன. துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து அவளைப் பார்த்துத் தமக்குள் பேசிக்கொண்டே வருகிறார்கள். வழியில் சுவரோவியங்கள் வரும். அவற்றின் முன் நின்றால் அந்தந்தப் புராணம் கேட்கும். நாகர்கோவில் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தைத் திரைக்கு முன் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, விளக்கும் நிழலும் குரலும் சேர்ந்து கதையாவது புதிதல்ல. அதே வித்தை நவீனக் கருவி ஒன்றில் உயிரோடு இருப்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. அதைச் சொல்வதில் நமக்குக் கூச்சம் தேவையில்லை.

குறைகளையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். சண்டை தொடக்கத்தில் அழகாக இருக்கிறது, பிறகு தேய்கிறது. எதிரிகள் சுற்றிவளைத்த பின், தொடங்கிய அடி முடியும்வரை ராஜி வேறெதுவும் செய்ய முடியாமல் நிற்பதாகத் தோன்றும் கணங்கள் உண்டு. கேமராவை ஆடுபவர் திருப்ப முடியாது. படைப்பாளிகள் வைத்த கோணம்தான். அந்தக் கோணம் கோட்டையின் பிரமாண்டத்தைக் காட்டுகிறது, அதே கோணம் தாவ வேண்டிய தூரத்தை மறைத்தும் விடுகிறது. நான்கைந்து மணி நேரத்தில் ஆட்டம் முடிகிறது. முடிகிறது என்பதைவிட அறுந்துபோகிறது என்று சொல்வதே சரி. பெரிய அசுரன் மகாபலாசுரனை எதிர்கொண்ட பிறகு, இத்தனை நேரம் நாம் சுமந்த தவிப்புக்கு உரிய முடிவு கிடைக்கவில்லை. இதைத்தான் நான் பெருங்குறையாகக் கருதுகிறேன். மற்றவை கைத்திறன் சார்ந்தவை, இது கதை சார்ந்தது.

விமர்சனங்களில் இந்தக் குறைகள் எல்லாம் இருந்தன. ஆனால் ஒரே தட்டில் இருந்தன. படம் அழகு, சண்டை சுமார், நீளம் குறைவு, ஆகவே பத்துக்கு ஏழு என்ற கணக்கில், கேமராக் கோணமும் அறுந்த முடிவும் ஒரே எடை பெற்றுவிட்டன. ஆட்டத்தின் நீளத்தைக் குறையாகச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’ ராஜியைவிடக் குறுகியது, ஒன்றரை மணி நேரத்தை ஒட்டியது. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையை, கிழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்துச் சொல்கிறது. 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. அங்கே நேரம் குறைவு, ஆனால் சொல்ல வந்தது சொல்லப்பட்டுவிட்டது. ராஜியைக் குறுகியது என்று சொன்னவர்களுக்கு உண்மையில் உறுத்தியது அதன் முடிவுதான். உறுத்தலின் இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொல்வது விமர்சகரின் வேலை. கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வதற்கு விமர்சகர் வேண்டியதில்லை.

இந்த வகை ஆட்டத்தின் வம்சாவளி தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுமை காட்டியிருக்கலாம். ஜோர்டன் மெக்னர் 1989இல் ஆப்பிள் II கணினிக்காகச் செய்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வில் இளவரசனின் ஓட்டமும் தாவலும் அவருடைய தம்பி ஓடியதைப் படம்பிடித்து வரைந்தவை. 2003இல் வந்த அதன் வாரிசு ‘தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ சுவரில் ஓடும் வித்தைக்காக இன்றும் கொண்டாடப்படுகிறது. அதிலும் சண்டை சலிப்பூட்டுகிறது என்று அப்போதே எழுதினார்கள், அதை நேசித்தவர்களும் எழுதினார்கள். ஆனாலும் அது செவ்வியல் என்றாயிற்று. உடலின் ஓட்டத்தைக் கட்டுபவர்களுக்குச் சண்டை இரண்டாம் பட்சமாகிப்போவது இந்த மரபில் பழைய சிக்கல். ராஜி அந்தச் சிக்கலை ஏற்படுத்தவில்லை, சொத்தாகப் பெற்றுக்கொண்டது.

பணத்தின் கதையும் உண்டு. 2017இல் கிக்ஸ்டார்ட்டர் என்னும் கூட்டுநிதித் தளம் வழியாக நிதி கேட்டார்கள், இலக்கை எட்டவில்லை. நிறுவனர்களில் ஒருவர் வீட்டை விற்றுத்தான் வேலை தொடர்ந்தது. இதனால் குறை நிறையாகிவிடாது. ஆடுபவர் கொடுத்த காசு காசுதான். ஆனால் எது பணமில்லாததால் வந்த குறை, எது தீர்மானமில்லாததால் வந்த குறை என்று பிரித்துச் சொன்னால் படைப்பாளிக்கு அடுத்த அடி தெரியும். எதிரிகளின் வகை குறைவாக இருப்பது முதல் வகை என்றே நினைக்கிறேன். அறுந்த முடிவில் இரண்டும் கலந்திருக்கின்றன. 2022இல் வந்த மேம்பட்ட பதிப்பில் சண்டை அசைவுகளைச் செப்பனிட்டார்கள், இந்திக் குரலும் சேர்த்தார்கள். ஆக, சொன்னதைக் கேட்கும் குழுதான் அது. மதிப்பெண்கள் மட்டும் 2020இல் நின்றபடி நிற்கின்றன.

நம் பக்கத்துப் பிழை வேறு விதமானது. அதே 2020 ஆகஸ்ட் மாத இறுதியில் பிரதமர் தம் வானொலி உரையில், இந்தியக் கருப்பொருளில் கணினி விளையாட்டுகள் செய்ய இளைஞர்களை அழைத்தார். செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. அந்தச் சூழலில் ராஜி பலருக்கு ஒரு கொடியாகிவிட்டது. நம்முடையது என்பதாலேயே புகழ வேண்டும், குறை சொன்னால் அந்நிய மனம் என்ற பேச்சு எழுந்தது. அவ்வாண்டு த கேம் அவார்ட்ஸில் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் அது இடம்பெற்றது பெருமைதான். பெருமைப்படுவது வேறு, படித்துப் பார்ப்பது வேறு. குறையைச் சொல்லாத புகழ்ச்சி ஒரு படைப்பைச் சிறுபிள்ளையாக நடத்துகிறது. ஒரு சிறு குழு வருடக்கணக்கில் உழைத்த வேலைக்கு நாம் தரக்கூடிய மரியாதை, அதைக் கடைசிவரை ஆடி, எங்கே கைகொடுத்தது எங்கே கைவிட்டது என்று சொல்வதுதான்.

நம் கடற்கரைக்கு இதில் சொல்ல ஒன்று இருக்கிறது. பரதவரின் கடலோர ஏழூர்களில் ஒன்றாக நம் வைப்பாறு எண்ணப்பட்டுவந்த காலம் தொட்டு, 1961இல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு வரை, இங்கே முத்தைத் தரம்பிரித்த முறை ஓர் எண்ணில் முடியவில்லை. முதலில் பத்துப் பித்தளைச் சல்லடைகள். இருபது கண் உள்ளதில் தொடங்கி ஆயிரம் கண் உள்ளதுவரை முத்து ஒவ்வொன்றாக இறங்கி வரும். அது அளவு மட்டும். அதன் பிறகு உருட்சிக்கும் ஒளிக்கும் தனியாகக் கண் வைப்பார்கள். இரண்டிலும் குறையாதது ஆணி. கோணலானது, ஒட்டிப் பிறந்தது குறுவல். குறைக்கேற்பக் கல்லிப்பு, பீசல் என்றும் பெயர் மாறும், கடைசியில் தூள். குறையுள்ள முத்து எதையும் அவர்கள் கடலில் திருப்பி எறியவில்லை. அதற்கு உரிய பெயரையும் விலையையும் கொடுத்தார்கள். ஆணியின் விலையைக் குறுவலுக்குக் கேட்டவரை யாரும் மதிக்கவுமில்லை. அளவு, உருட்சி, ஒளி மூன்றையும் கூட்டி வகுத்து ஒரு சராசரி சொல்லியிருந்தால் அந்தச் சந்தை ஒரு நாள்கூட நடந்திருக்காது.

அந்தக் கண் நமக்கு இருக்கும்போது, ஆட்டங்களைப் பற்றிய தமிழ் விமர்சனத்தை யாரிடமும் இரவல் வாங்க வேண்டியதில்லை. நாவலுக்கும் கூத்துக்கும் சினிமாவுக்கும் இந்த இதழ் ஒதுக்கும் பக்கங்களில் சிலவற்றை அடுத்த இதழ் முதல் வீடியோ கேம்களுக்கும் ஒதுக்குகிறோம். ராஜியிலும் வெண்பாவிலும் தொடங்கலாம். பிள்ளைகள் போனில் ஆடும் எந்த ஆட்டமானாலும் சரி. ஆடி முடித்துவிட்டு எழுதுங்கள். எந்தக் கருவியில் ஆடினீர்கள், எந்த இடத்தில் கை நின்றது, எந்த இடத்தில் தூக்கம் மறந்து தொடர்ந்தீர்கள், குறை என்று பட்டது எதனால் வந்திருக்கும் என்று சொல்லுங்கள். பள்ளி, கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் எழுதினால் முதலிடம் தருவோம். இந்த ஆட்டங்களை அதிகம் ஆடியவர்கள் அவர்கள்தான். கட்டுரையின் முடிவில் மதிப்பெண் மட்டும் போட வேண்டாம்.