தையல் இயந்திரம் இல்லாத கதை

 

சமுதாயப் பத்திரிகைகளில் வரும் சிறுகதைகளைத் தவறாமல் வாசிப்பவர்கள் நீங்கள். ஒன்று கேட்கிறேன். நாற்பதைக் கடந்த, தலாக் ஆகிவிட்ட ஒரு பெண் கதையில் வந்தால், மூன்றாவது பத்தியில் அவளுக்கு என்ன கிடைக்கும்? கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவீர்கள்: ஒரு தையல் இயந்திரம்! அதை மிதித்து மிதித்தே பிள்ளைகளைக் கரையேற்றுவாள். இரவில் முஸல்லாவில் அமர்ந்து அழுவாள். கடைசியில் முன்னாள் கணவர் நோயில் விழுந்து மன்னிப்புக் கேட்பார். அவள் மன்னிப்பாள். முற்றும்.

எங்கள் உறவில் ஒரு பெண்மணி இருக்கிறார். 43 வயதில் மணவிலக்கு ஆயிற்று. கலகலப்பானவர். அவர் இருக்கும் வீட்டில் சிரிப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அத்தகைய கதை ஒன்றை வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "இந்தக் கதையிலும் நான் தைத்துக்கொண்டுதான் இருக்கிறேனா?" என்றார். அவருக்கு ஊசியில் நூல் கோக்கவும் வராது என்பது வேறு விஷயம்.

அவரைப் பெண் கேட்டு, அவரைப் போலவே மணவிலக்கான ஒருவரின் வீட்டிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். அண்ணன் தேநீர் கொடுத்தார், "பேரன் பேத்தி எடுக்கும் வயதில் நிக்காஹ் என்ன வேண்டிக்கிடக்கிறது?" என்று சொல்லி மரியாதையாக அனுப்பிவைத்தார். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில்தான் அவருக்குச் செய்தி தெரிந்தது. அவர் கோபப்படவில்லையாம். "வந்தவர்கள் என்ன சொன்னார்கள்?" என்று மட்டும் கேட்டாராம்.

கதைகளுக்கும் அந்த அண்ணனுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதே என் எண்ணம். மணவிலக்கான பெண்ணைக் கண்ணீரோடு மட்டுமே வாசித்துப் பழகியவர்களுக்கு, அவள் மீண்டும் மணமகளாக அமர்ந்திருப்பதைக் கற்பனை செய்யவே வராது. கன்னட எழுத்தாளர் சாரா அபூபக்கர் 1980களில் சந்திரகிரி ஆற்றங்கரையைக் களமாகக் கொண்டு எழுதிய புதினத்தில், தகப்பனின் பிடிவாதத்தால் மணவிலக்கான இளம்பெண் பள்ளிவாசல் குளத்தில் உயிரை விடுகிறாள். 1982இல் பி.ஆர். சோப்ரா எடுத்த 'நிக்காஹ்' என்ற இந்திப் படத்தில் நாயகிக்கு மறுமணம் நடக்கிறது. ஆனால் முன்னவரும் பின்னவரும் அவளை ஒரு பொருளைப் போல் கைமாற்ற நினைத்து, அவள் பொங்கி எழும் வரை அவள் பேச்சை எவரும் கேட்கவில்லை. இவையெல்லாம் எழுதப்பட வேண்டியவைதாம். கண் திறந்தவைதாம். என் குறை, இவற்றோடு நின்றுவிட்டோமே என்பதுதான்.

நம் முன்னோர் வரலாறோ இவ்வளவு இறுக்கமானது அல்ல. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் செய்தி 'ஸஹீஹ் முஸ்லி'மில் இருக்கிறது. மூன்று தலாக்கும் ஆகிவிட்ட குறைஷிப் பெண்மணி. இத்தா முடிந்ததும் வீட்டு வாசலில் வரிசை! முஆவியா (ரலி) பெண் கேட்கிறார். அபூஜஹ்மு (ரலி) பெண் கேட்கிறார். அண்ணலார் (ஸல்) அவர்களிடம் போய் ஆலோசனை கேட்கிறார் அம்மையார். முஆவியாவிடம் பொருள் இல்லை என்றும், அபூஜஹ்மு தோளிலிருந்து கம்பை இறக்காதவர் என்றும் பெருமானார் ஒளிவுமறைவின்றிச் சொல்லி, உஸாமா (ரலி) அவர்களை மணக்கும்படி கூறுகிறார்கள். உஸாமாவோ விடுதலை பெற்ற அடிமையான ஸைத் (ரலி) அவர்களின் மகன். அம்மையாருக்கு அது முதலில் பிடிக்கவில்லை. கையை ஓர் அசைப்பு அசைத்து, அந்தப் பெயரையே இருமுறை சொன்னார் என்று ஓர் அறிவிப்பு வருகிறது. அந்தக் கை அசைவை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நம் வீட்டுப் பெண்கள் அசைக்கும் அதே அசைப்பு! பிறகு மணந்தார். மற்றவர்கள் பார்த்துப் பொறாமைப்படும் அளவுக்கு அந்த வாழ்வு நலமாக அமைந்ததென்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

மஃகில் பின் யஸார் (ரலி) அவர்களின் தங்கை கதை இன்னும் நெருக்கமானது. கணவர் தலாக் சொல்லி, இத்தாவும் முடிந்தபின், மனம் மாறித் திரும்பி வந்து பெண் கேட்கிறார். அண்ணனுக்குக் கோபம். என் தங்கையைக் கொடுத்து உன்னைக் கௌரவித்தேன், நீ விட்டுவிட்டாய், இனி ஒருபோதும் அவள் உன்னிடம் வரமாட்டாள் என்று ஆணையிட்டுச் சொல்லிவிடுகிறார். தங்கைக்கோ அவரிடம் திரும்பிப் போகவே ஆசை. இந்த வீட்டுப் பிரச்சினைக்காகத்தான் அல்பகரா அத்தியாயத்தின் 232ஆம் வசனம் இறங்கிற்று என்கிறது புகாரி. இருவரும் முறைப்படி ஒத்துக்கொண்டால் பெண்களைத் தடுக்காதீர்கள் என்பது அதன் கருத்து. மஃகில் கோபத்தை விழுங்கிக்கொண்டு தாமே தங்கையை மணமுடித்துக் கொடுத்தார்.

கதை எழுதும் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்னிப் பெண்ணுக்கு மௌனமே சம்மதம் என்று ஹதீஸில் இருக்கிறது. ஏற்கெனவே மணமானவளுக்கு அப்படியல்ல. அவளிடம் கேட்க வேண்டும். அவள் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். நம் கதைகளிலோ இருபது வயதுப் பெண் பக்கம் பக்கமாகப் பேசுகிறாள். பேசியே ஆக வேண்டிய நாற்பது வயதுக்காரி ஊமையாகத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் எழுதினால் எப்படி எழுதுவேன்? பெண்ணுக்கு வயது 45, பள்ளி ஆசிரியை. அவருக்கு 52, கடைத்தெருவில் இரும்புக் கடை. இருவரும் மணவிலக்கானவர்கள். ஏற்பாடு செய்தது யார் தெரியுமா? அவளுடைய மகள். பெண் பார்க்க வந்த அன்று, அண்ணன் நடுவில் விறைப்பாக அமர்ந்திருக்கிறார். தேநீர் வருகிறது. அவர் தயங்கி, "எனக்குச் சர்க்கரை..." என்கிறார். "எத்தனை ஆண்டாக?" என்று அவள் கேட்கிறாள். "ஆறு." "எனக்கு நான்கு. வெறும் வயிற்றில் எவ்வளவு இருக்கிறது?" அவ்வளவுதான்! மாத்திரை, வெந்தயம், பாகற்காய் என்று அரை மணி நேரம் போகிறது. இந்தப் பேச்சில் எதைத் தடுப்பது என்று தெரியாமல் அண்ணன் விசிறிக்கொண்டிருக்கிறார். காதல் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் பெரியவர்களும் இந்தக் காட்சியை மன்னிப்பார்கள் என்று நம்புகிறேன்.

நிக்காஹ் அன்று பந்தல் இல்லை, ஊர்வலம் இல்லை. அண்ணன் இரண்டு சாட்சிகளோடு உள்ளே வந்து மெல்லிய குரலில் சம்மதம் கேட்கிறார். தலையை ஆட்டுவாள் என்று எல்லோரும் பார்த்திருக்க, அவள், "எனக்குப் பூரண சம்மதம், காக்கா" என்கிறாள். வகுப்பறைக் குரல் அல்லவா? சமையற்கட்டில் ஆணம் கிண்டிக்கொண்டிருந்தவரின் அகப்பை நின்றுபோகிறது.

குத்பா முடிந்தது. கபூலும் ஆயிற்று. தஃப்தரில் கையெழுத்திடக் குனிந்த மாப்பிள்ளை சட்டைப் பையைத் தடவுகிறார். மூக்குக் கண்ணாடியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்! இமாமின் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் எழுத்துகள் நீந்துகின்றன. செய்தி திரைக்குப் பின்னால் போகிறது. சற்று நேரத்தில் ஒரு சிறுவன் ரோஜாப்பூப் போட்ட கண்ணாடிக் கூடு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுகிறான். மாப்பிள்ளை போட்டுக்கொள்கிறார். ஒவ்வோர் எழுத்தும் துலக்கமாகத் தெரிகிறது. கையெழுத்திடுகிறார்.

"கண்ணாடியை நான் திருப்பிக் கொண்டுபோகட்டுமா?" என்கிறான் சிறுவன்.

"வேண்டாம், வாப்பா. அவரே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்" என்கிறார் அண்ணன்.

இந்த மாதப் பக்கத்தை எழுதி முடித்ததும் அந்த உறவுக்காரப் பெண்மணியிடம் கொடுத்தேன். சர்க்கரைப் பேச்சு வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணாடி வந்த இடத்தில் சிரிக்கவில்லை. தாள்களை மடித்து என் கையில் கொடுத்தபோது, "பத்திரிகை வந்ததும் காக்கா வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடு" என்றார்.

அனுப்புகிறேன், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.